ஹார்ட் டிஸ்க் தகராறு செய்தால்: முதலில் நகல், பிறகுதான் மீட்பு

கேள்வி: 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் கம்ப்யூட்டர். சில ஃபோல்டர்களைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கிறது. சில சமயம் டிரைவ் எழுத்து வருகிறது, ஆனால் "ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கிறது. உள்ளே குடும்பப் படங்கள் இருக்கின்றன, வேறு காப்பி இல்லை. செக்டிஸ்க் ஓட்டலாமா, இல்லை ஏதாவது ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஃபார்மேட் கேட்டால் கேன்சல் கொடுங்கள், "இனிஷியலைஸ்" கேட்டாலும் கேன்சல்தான். பிறகு கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். விண்டோஸில் டிஸ்க் சும்மா செருகியிருந்தாலே போதும். தம்ப்நெயில், இண்டெக்ஸிங், வைரஸ் ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக அதைப் போய்த் தோண்டிக்கொண்டே இருக்கும்.

விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு நிரலான செக்டிஸ்க்கின் வேலை, ஃபைல் சிஸ்டத்தை (எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கை) முரண்பாடு இல்லாமல் ஆக்குவது. உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலைப்பட்டியலில் இல்லை. ஒரு ஃபோல்டரின் பதிவைப் படிக்க முடியவில்லையென்றால், அந்தப் பதிவையே தூக்கிவிட்டு, அதிலிருந்த ஃபைல்களை பெயர் இழந்த துண்டுகளாக வேறொரு ஃபோல்டரில் குவித்துவிடும். அதையும் அதே பழுதான தட்டிலேயே (டேட்டா பதிந்திருக்கும் உள்வட்டிலேயே) எழுதும். எழுதிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழி கிடையாது.

ரெக்கவரி சாஃப்ட்வேரை நேரடியாக ஓட்டுவதில் உள்ள சிக்கல் வேறு. இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான டிஸ்கில் தவறுதலாக அழித்த ஃபைல்களுக்காகச் செய்யப்பட்டவை. பழுதான செக்டர் (டேட்டா எழுதப்படும் சிறு கட்டம்) ஒன்று எதிர்ப்பட்டால் டிஸ்க் தானாகவே பல விநாடிகள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், அதன் மேல் விண்டோஸும் மறுபடி கேட்கும். ஒரு செக்டருக்கு 10 விநாடி என்று வைத்தாலே 2,000 செக்டருக்கு ஐந்தரை மணி நேரம், ஏற்கெனவே பலவீனமான ஹெட் (தட்டின் மேல் நகர்ந்து படிக்கும் முனை) பழுதான இடத்தின் மேலேயே உலாவிக்கொண்டிருக்கும். ஸ்கேன் 40 சதவீதத்தில் நின்று, அதோடு டிஸ்க்கும் போய்விட்டால் கையில் மிஞ்சுவது ஃபைல் பட்டியல் மட்டும்தான். பழுதான டிஸ்கில் இன்னும் எத்தனை வாசிப்பு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கிடைக்கும் ஒவ்வொரு வாசிப்பும் நகலாக வேறொரு டிஸ்கில் போய் உட்கார வேண்டும். தேடல், ஸ்கேன் எல்லாம் அந்த நகலின் மேல்தான்.

நகல் எடுப்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: இந்த டிஸ்குக்கு இனி மின்சாரம் கொடுக்கலாமா? இதற்கு உங்கள் காதே போதும். ஒரே ஒரு முறை செருகி, 10 விநாடி கேளுங்கள்.

"டக்... டக்... டக்" என்று சீரான இடைவெளியில் தட்டிவிட்டு சுழற்சி நின்றுபோனால், ஹெட் தட்டில் உள்ள குறியீடுகளைப் படிக்க முடியாமல் ஓரத்துக்குப் போய் மோதித் திரும்புகிறது என்று பொருள். பெரும்பாலும் ஹெட் பழுது. உடனே கழற்றிவிடுங்கள். மெல்லிய பீப் சத்தமோ முனகலோ மட்டும் வந்து சுழலவே இல்லையென்றால், ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டு மோட்டார் திணறுகிறது, அல்லது மோட்டார் அச்சே இறுகிவிட்டது. கீழே விழுந்த 2.5 அங்குல டிஸ்குகளில் இது சகஜம். உராய்கிற, கீறுகிற சத்தம் வந்தால் அதுதான் மிக மோசம்: தட்டின் மேல் இருக்கும் காந்தப் பூச்சு பொடியாகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொடி போன இடத்தில் இருந்த டேட்டாவை உலகத்தில் எந்த டேட்டா மீட்பு லேபும் திருப்பித் தராது. இந்த மூன்றில் எதுவானாலும் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, கீழே லேப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

சத்தமே இல்லை, அதிர்வும் இல்லை என்றால் மின்பகுதிப் பழுது. வழக்கம்போல் சுழன்று, தட்டாமல் அமைதியாக ஓடி, ஆனாலும் கம்ப்யூட்டரில் தெரியாமலோ கொள்ளளவு பூஜ்யம் என்றோ வந்தால் ஃபர்ம்வேர் (டிஸ்க்கை இயக்கும் உள்நிரல்) பக்கம் சந்தேகப்படலாம். உங்கள் டிஸ்க் டிரைவ் எழுத்து வரை வருகிறது, நிற்கிறது, தடுமாறுகிறது. சத்தம் இயல்பாக இருந்தால் இது பழுதான செக்டர் அல்லது தளரத் தொடங்கிய ஹெட். வீட்டிலேயே முயன்று பார்க்கத் தகுந்த வகை இதுதான்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் ஸ்மார்ட் எண்களை (டிஸ்க் தன் நிலை பற்றித் தானே வைக்கும் கணக்கை) ஒரு முறை பார்த்துவிடுங்கள். மேலே நீலமாக "குட்" என்று இருப்பதை நம்ப வேண்டாம்; 5, 197, 198 ஆகிய மூன்று வரிகள்தான் முக்கியம். 5 என்பது ஏற்கெனவே மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 திருத்த முடியாதவை. 197 நூற்றுக்கணக்கில் இருந்து, அடுத்த முறை பார்க்கும்போது ஏறியும் இருந்தால் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது, தாமதிக்கக் கூடாது. 199 மட்டும் ஏறி மற்றவை பூஜ்யமாக இருந்தால் அதிர்ஷ்டம்: அது கேபிள் தகராறு. வேறு கேபிள், வேறு போர்ட் போட்டுப் பாருங்கள். சீகேட் டிஸ்கில் 1ஆம் வரியில் கோடிக்கணக்கான எண் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அந்த நிறுவனம் அதை எழுதும் முறையே அப்படி.

டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாட்டா போர்ட்டில் (டிஸ்க் மாட்டும் முனையில்) நேரடியாக மாட்டினால் நகல் வேலை நன்றாக நடக்கும். பெட்டிக்குள் சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் பாலச் சிப்புகள் பிழை வந்ததும் குழம்பித் தொடர்பையே துண்டித்துவிடும். ஆனால் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட் வகைகள் பலவற்றில் சாட்டா முனையே கிடையாது, யுஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் யுஎஸ்பி வழியாகத்தான் போக வேண்டும். அந்த நிறுவனத்தின் பல மாடல்களில் நீங்கள் பாஸ்வேர்ட் வைக்காவிட்டாலும் பாலச் சிப் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தே எழுதும். அப்படிப்பட்ட பெட்டியின் சிறு போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் நகல் கிடைக்கும், ஆனால் படிக்க முடியாத குப்பையாக இருக்கும். சில பெட்டிகள் 512 பைட் செக்டர்களை 4,096 பைட்டாக மாற்றிக் காட்டும். நேரடியாக மாட்டியதும் பார்டிஷன் காணாமல் போனது போலத் தெரிவது இதனால்தான். பயந்து எதையும் ரிப்பேர் செய்துவிடாதீர்கள், கணக்கு எட்டு மடங்கு விலகியிருக்கிறது, அவ்வளவே.

நகல் வாங்க 2 டிபி டிஸ்க் ஒன்று தேவை. 1 டிபி டிஸ்க் என்பது 1,00,020 கோடி பைட்டுகளுக்குச் சற்று மேல். அதை ஒரே இமேஜ் ஃபைலாக (முழு டிஸ்க்கின் அச்சு நகலாக) வைக்க இன்னொரு 1 டிபி போதாது, மீட்கும் படங்களுக்கும் இடம் வேண்டும். அதை என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபியில் நின்றுவிடும்.

கருவி: குனு டிடிரெஸ்க்யூ (GNU ddrescue). அன்டோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய இலவச மென்பொருள். பெயரில் ஏறக்குறைய இதே போல, நடுவில் அடிக்கோடு போட்ட இன்னொரு நிரலும் உண்டு, அது வேறு ஆள் எழுதியது, கட்டளையோடு கொடுக்கும் சுவிட்சுகளும் வேறு. லினக்ஸ் லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) ஒன்றில் கம்ப்யூட்டரை எழுப்புங்கள்; பழுதான டிஸ்க்கைத் தானாக மவுண்ட் செய்யும் (திறந்து இணைக்கும்) வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். டிஸ்க் பட்டியலில் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் லேபிளோடு ஒப்பிட்டு, எது மூலம், எது இலக்கு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் உண்மையான பேரழிவு ஒன்றே ஒன்றுதான், மூலமும் இலக்கும் இடம் மாறுவது. காலி டிஸ்க்கை உங்கள் படங்களின் மேல் நகலெடுத்தால் அதோடு கதை முடிந்தது.

கட்டளையில் வரிசை இப்படி: நிரலின் பெயர், சுவிட்சுகள், மூல டிஸ்க், இமேஜ் ஃபைல், கடைசியில் மேப் ஃபைல். மேப் ஃபைலை விட்டுவிடாதீர்கள். எந்தெந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. கரண்ட் போனாலும் டிஸ்க் துண்டித்துக்கொண்டாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் சின்ன 'டி'யும் (-d) சின்ன 'என்'னும் (-n) போடுங்கள். 'டி' சிஸ்டத்தின் இடைச் சேமிப்பைத் தவிர்த்து டிஸ்க்கை நேரடியாகப் படிக்கச் சொல்கிறது. 'என்' பழுதான இடங்களை செக்டர் செக்டராகச் சுரண்டும் வேலையைத் தள்ளிப்போடச் சொல்கிறது. நல்ல பகுதி முழுக்க முதலில் பத்திரமாகிவிட வேண்டும், கெட்ட பகுதியோடு மல்லுக்கட்டுவது அதற்கப்புறம். இது முடிந்ததும் 'என்'னை எடுத்துவிட்டு, மூன்று மறுமுயற்சி என்று கொடுத்து இரண்டாம் சுற்று. மிச்சம் இருந்தால் பெரிய 'ஆர்' சுவிட்சோடு பின்னாலிருந்து முன்னால் ஒரு சுற்று. ஒரு பக்கமிருந்து நெருங்கினால் வராத செக்டர்கள் மறுபக்கமிருந்து சில நேரம் வரும்.

விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி ஏறக்குறைய 2 மணி 47 நிமிடத்தில் முடிய வேண்டும். பழுதான டிஸ்க் ஒரு நாளோ மூன்று நாளோ எடுத்தால் கலங்க வேண்டாம். ஆனால் பிழையே காட்டாமல் தொடக்கத்திலிருந்தே விநாடிக்கு 100 கேபி என்று நகர்ந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த வேகத்தில் 1 டிபி முடிய 115 நாளுக்கு மேல் ஆகும், அதுவரை டிஸ்க் இருக்காது. இது வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்குகளில் நன்கு அறியப்பட்ட நோய். பழுதான செக்டர்களின் உள்பட்டியல் ஃபர்ம்வேரில் நிரம்பி, டிஸ்க் எந்நேரமும் தன்னையே சரிசெய்துகொண்டிருக்கும். லேபில் அந்தப் பின்னணி வேலையை நிறுத்தினால் அதே டிஸ்க் பழைய வேகத்தில் படிக்கும்.

இன்னொரு அடையாளம்: மேப் ஃபைலைப் படமாகக் காட்டும் நிரல் ஒன்று உண்டு. அதில் பச்சையும் சிவப்பும் சீரான பட்டைகளாக மாறி மாறி வந்தால் பல ஹெட்களில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது வந்தவரை போதும் என்று நிறுத்துங்கள். செத்த ஹெட்டை வற்புறுத்தினால் அது தட்டைக் கீறத் தொடங்கும். புதிதாகத் தட்டும் சத்தம் கேட்டாலும் இதே விதி.

டிஸ்க் மேல் சிறு ஃபேன் காற்று படட்டும். மெத்தை மேலோ துணி மேலோ வைக்காதீர்கள், ஓடும்போது நகர்த்தவும் கூடாது.

டிஸ்க் மிகவும் பலவீனம், 1 டிபியில் பயன்பட்டது 300 ஜிபிதான் என்றால் காலி இடத்தைப் படித்து ஆயுளை வீணாக்க வேண்டாம். டிடிஆர்யுட்டிலிட்டி (ddrutility) என்ற தொகுப்பில் உள்ள ஒரு கருவி என்டிஎஃப்எஸ்ஸின் பயன்பாட்டு வரைபடத்தைப் படித்து, நிரம்பிய பகுதிக்கு மட்டும் மேப் ஃபைல் தயாரித்துத் தரும். ஓப்பன்சூப்பர்குளோன் என்ற இலவசக் கருவி இன்னும் ஒரு படி மேலே போய், திணறும் டிஸ்க்கை ரீசெட் செய்வது வரை கட்டுப்படுத்தும். அதற்கு சாட்டா போர்ட்டில் நேரடியாக மாட்டியிருக்க வேண்டும்.

இமேஜ் வந்துவிட்டால் மூச்சு விடலாம். பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இமேஜையும் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். விண்டோஸ் ஃபார்மேட் கேட்டதற்கான காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் எல்லா ஃபைல்களின் பெயர், இடம், தேதியைத் தாங்கும் எம்எஃப்டி என்ற பட்டியல் வழக்கமாகப் பார்டிஷன் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளித் தொடங்கும். அங்கே சில செக்டர் போனாலே முழு டிஸ்க்கும் காலி போலத் தோன்றும், படங்கள் எல்லாம் தத்தம் இடத்தில் அப்படியே இருக்கும். எம்எஃப்டியின் மாற்றுப் பிரதி முதல் நான்கு பதிவுகளுக்கு மட்டும்தான். பூட் செக்டரின் பிரதி பார்டிஷனின் கடைசி செக்டரில் இருக்கும்.

டெஸ்ட்டிஸ்க், தொலைந்த பார்டிஷனையும் பூட் செக்டரையும் மீட்பதில் கெட்டி. ஃபைல்களைப் பெயரோடும் ஃபோல்டரோடும் எடுக்க டிஎம்டிஇ, ஆர்-ஸ்டூடியோ, யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் மூன்றும் நம்பகமானவை. டிஎம்டிஇ இலவசப் பதிப்பே ஒரு தடவைக்கு ஒரு ஃபோல்டரிலிருந்து 4,000 ஃபைல் வரை தரும், வீட்டுப் படங்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். போட்டோரெக் கடைசி ஆயுதம். அது ஃபைல் சிஸ்டத்தையே பார்க்காது, ஜேபெக் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தோண்டி எடுக்கும். பெயர், தேதி, ஃபோல்டர் எதுவும் வராது. பல துண்டாகச் சிதறிய பெரிய வீடியோக்கள் ஓடாது. இதை முதலில் ஓட்டிவிட்டு 60,000 பெயரில்லாப் படங்களோடு தலையில் கை வைத்து உட்காருபவர்கள் அதிகம்.

எந்தப் படம் சேதமானது என்று கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு. இமேஜுக்கு ஒரு பிரதி எடுத்து, டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறையில், வராத செக்டர்களில் மட்டும் தனித்துவமான ஒரு சொல்லை எழுதச் சொல்லுங்கள். அதிலிருந்து ஃபைல்களை மீட்டு, அந்தச் சொல் எந்த ஃபைல்களுக்குள் இருக்கிறது என்று தேடினால் கெட்டவை மட்டும் பட்டியலாக வந்துவிடும்.

சத்தமே இல்லாத டிஸ்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தவறான அடாப்டரைச் செருகியிருந்தால், லேப்டாப்பின் 19 வோல்ட் முனை 12 வோல்ட் டிஸ்கில் பொருந்திவிடுவது போல, போர்டில் பவர் முனைக்கு அருகிலுள்ள டிவிஎஸ் டயோடு (மிகை மின்னழுத்தத்திலிருந்து காக்கும் பாகம்) தன்னைப் பலிகொடுத்து ஷார்ட் ஆகியிருக்கும். 5 வோல்ட் பாதைக்கு ஒன்று, 12 வோல்ட்டுக்கு ஒன்று. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அளந்தால் இரு திசையிலும் பூஜ்யத்துக்கு அருகில் காட்டும். ஷார்ட் ஆனதை மட்டும் அகற்றிவிட்டு, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டர் பவர் சப்ளையில்) மாட்டினால் டிஸ்க் பல சமயம் உயிர் பெறும். இனி அதற்குப் பாதுகாப்பு இல்லை என்பதால் உடனே நகல்.

மோட்டார் சிப்பே வெடித்திருந்தால் வேறு போர்டு தேவை. அதே மாடல் போர்டைத் தேடி வாங்கி அப்படியே மாட்டினால் போதும் என்பது பழைய காலத்து டிஸ்குகளுக்குப் பொருந்தியது. இப்போது ஒவ்வொரு டிஸ்குக்கும் அதன் ஹெட்களுக்கேற்ற அளவீடுகள் போர்டிலுள்ள எட்டுக் கால் ரோம் சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் பற்றவைக்க வேண்டும். சிப் தனியாக இல்லாத போர்டுகளில் அது பிராசசருக்குள்ளேயே இருக்கும், அப்போது லேப் வேலை. பழைய போர்டை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள். போர்டைக் கழற்றியதும் அடிப்பக்கத் தொடுமுனைகள் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டிப் பாருங்கள், ஈரக் காற்றுள்ள ஊர்களில் இதுவே காரணமாக இருப்பதுண்டு.

ஃபர்ம்வேர் பழுதுக்கு நல்ல எடுத்துக்காட்டு 2008-09இல் சீகேட் பாரக்குடா 7200.11. தட்டு, ஹெட், மோட்டார் எல்லாம் நல்ல நிலையில் இருக்க, ஒரு நாள் காலையில் டிஸ்க் கம்ப்யூட்டருக்கே தெரியாமல் போனது, அல்லது கொள்ளளவு பூஜ்யமானது. உள்பதிவில் இருந்த ஒரு நிரல் பிழை. போர்டின் சீரியல் முனையில் கம்பி இணைத்துக் கட்டளை கொடுத்துப் பலர் மீட்டார்கள். அந்தக் கட்டளைகளை இன்றைய சீகேட் டிஸ்குகளில் வீடியோ பார்த்து அடித்தால், செக்டர் முகவரி அட்டவணை அழிந்து லேபும் கைவிரிக்கும்.

திறந்து பார்க்கலாமா? கூடாது. ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, தலைமுடியின் தடிமன் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. லேபில் ஹெட் மாற்றும் மேசை ஐஎஸ்ஓ 5 தரம்: ஒரு கனமீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மிகக் கூடாது. ஃப்ரீசரில் வைப்பது, தரையில் தட்டுவது எல்லாம் விட்டுவிடுங்கள். குளிரில் எடுத்ததும் உள்ளே நீர்த்துளி படியும், ஹெட் அதில் மோதும். பெரிய கொள்ளளவு டிஸ்குகள் பலவற்றில் உள்ளே ஹீலியம், மூடி லேசரால் பற்றவைக்கப்பட்டது.

தண்ணீரில் மூழ்கிய டிஸ்க்கை வெயிலில் காயவைக்கவோ அரிசியில் புதைக்கவோ வேண்டாம். காய்ந்தால் சேறும் உப்பும் தட்டில் படிந்துவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடி லேபுக்கு அனுப்புங்கள். பார்க்க மோசமாக இருப்பதை வைத்து நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை: 2003 பிப்ரவரி 1 அன்று சிதறிய கொலம்பியா விண்ணோடத்தின் சீகேட் டிஸ்க் ஒன்று மாதங்கள் கழித்து டெக்சாஸில் வறண்ட ஏரிப்படுகையில் கருகிக் கிடைத்தது. ஆன்ட்ராக் நிறுவனம் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு டிஸ்கில் ஏற்றி 99 சதவீதம் மீட்டது. அந்தக் கம்ப்யூட்டர் டாஸில் ஓடியது, டேட்டா சிதறாமல் ஒரே இடத்தில் இருந்தது, சேதமான பகுதி காலியாக இருந்தது. அதில் பதிவாகியிருந்த விண்வெளிச் சோதனையின் முடிவுகள் 2008இல் வெளியாயின.

லேபுக்குப் போனால் நேராகக் கேளுங்கள்: பிசி-3000 (டேட்டா மீட்பு லேப்களுக்கான கருவி) அல்லது அதற்கு இணையான கருவி இருக்கிறதா, மூடியை எங்கே திறக்கிறீர்கள், திறக்கும் முன் என்னிடம் கேட்பீர்களா, டேட்டா வராவிட்டால் கட்டணம் என்ன, பணம் கட்டும் முன் ஃபைல் பட்டியல் காட்டுவீர்களா. ஹெட் மாற்ற அதே மாடல், நெருங்கிய தயாரிப்புத் தேதி கொண்ட இன்னொரு டிஸ்க் தேவைப்படும், அதன் விலை யார் தலையில் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முன்பு யார் திறந்தார்கள், என்ன ஓட்டினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வாரன்டிக்கு அனுப்பினால் வேறு டிஸ்க் வரும், டேட்டா வராது.

இரண்டு விஷயம் மட்டும் மேலே சொன்ன எல்லாவற்றையும் பயனற்றதாக்கும். பிட்லாக்கர் (விண்டோஸின் குறியாக்கப் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும்; மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அடுத்தது ட்ரிம், அதாவது அழித்த இடம் இனி தேவையில்லை என்று கம்ப்யூட்டர் டிஸ்குக்குச் சொல்லும் கட்டளை. எஸ்எஸ்டியிலும், தடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக எழுதும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்குகள் சிலவற்றிலும், அழித்தாலோ குவிக் ஃபார்மேட் செய்தாலோ டிஸ்க் அந்த இடங்களைப் பூஜ்யமாகக் காட்டத் தொடங்கும். மேலே ஃபார்மேட்டுக்கு கேன்சல் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

மீட்ட பிறகு சில படங்களை முழு அளவில் திறந்தும், வீடியோக்களை நடுவிலும் கடைசியிலும் ஓட்டியும் பாருங்கள். தம்ப்நெயில் தெரிவது படம் நன்றாக இருப்பதற்குச் சாட்சி அல்ல, அது ஃபைலின் தொடக்கத்திலேயே தனியாக இருக்கும். சரிபார்த்து முடியும் வரை இமேஜையும் மேப் ஃபைலையும் அழிக்காதீர்கள். பழைய டிஸ்க்கை முழுக்கப் பூஜ்யம் எழுதினால் 197 சுத்தமாகிவிடும், பார்க்கப் புதிது போலிருக்கும். தேய்ந்த ஹெட் அதற்குள் அப்படியேதான் இருக்கும், அதில் மறுபடி எதையும் வைக்காதீர்கள்.